புகையில்லா மண் அடுப்பு சரியாக எரியாதபோது: அறிகுறி வாரியாகக் குறை நீக்கும் வழிமுறை

சிற்றூர்களில் மகளிர் குழுக்களுக்கு விறகு மிச்சப்படுத்தும் அடுப்பைக் கட்டக் கற்றுக்கொடுப்பவர்களிடம், பயிற்சி முடிந்த சில வாரங்களிலேயே முறையீடுகள் வரத் தொடங்கும். வீடும் மண்ணும் வேறுபட்டாலும் அந்த முறையீடுகள் ஒரு சில வகைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் பலரும் கட்டும் வடிவத்தை, அதாவது பானை வைக்கும் முதல் கண்ணும், அதன் பின்னால் அதே தீயின் சூட்டில் இயங்கும் இரண்டாவது கண்ணான கொடியடுப்பும், 4 அங்குலப் புகைப்போக்கியும் கொண்ட மண் அடுப்பை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், அடுப்பை இடித்துக் கட்ட வேண்டிய காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டு போனால், பெரும்பாலான வீடுகளில் கரணையைக் கையில் எடுக்காமலே வேலை முடிந்துவிடும்.

பார்க்கச் செல்லும்போது பயிற்சியில் பயன்படுத்திய அளவுக் குச்சி, டார்ச் விளக்கு, ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, ஊதுபத்தி, கொக்கித் தராசு ஆகியவற்றோடு நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன விறகுக் கட்டை யாரும் எடுத்துச் செல்வதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாகப் பயன்படுவது அதுதான்.

எல்லா வீட்டிலும் முதலில் செய்ய வேண்டியது

அடுப்பை நாம் பற்றவைக்கக் கூடாது. அந்த வீட்டில் சமைப்பவர் தினமும் எப்படிப் பற்றவைக்கிறாரோ, எந்தப் பானையை வைக்கிறாரோ, அப்படியே செய்யச் சொல்லிக் கால் மணி நேரம் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு அவர் கையிலேயே நாம் கொண்டு வந்த காய்ந்த விறகைக் கொடுத்து எரிக்கச் சொல்ல வேண்டும். காய்ந்த விறகில் அறிகுறி மறைந்துவிட்டால் அடுப்பில் குறையில்லை, அதைத் தொட வேண்டியதும் இல்லை. விறகை மழைச்சாரல் படாத இடத்தில் அடுக்கி வைப்பதைப் பற்றித்தான் அந்த வீட்டில் பேச வேண்டும்.

வெட்டியவுடன் உள்ள பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி வரை நீராக இருக்கலாம். நிழலில் நன்றாக உலர்ந்த விறகில் அது 15 முதல் 20 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். சீமைக்கருவேலத்தை இன்று வெட்டி நாளை எரிக்கும் ஊர்களில் புகை முறையீட்டில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டு விறகுகளை ஒன்றோடொன்று தட்டும்போது கணீரென்று ஒலித்தால் அது காய்ந்திருக்கிறது. மந்தமான ஒலி எழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருப்பதும், பட்டை எளிதாக உரிந்து வருவதும் கூடுதல் அடையாளங்கள்.

அறிகுறி 1: விறகு வைக்கும் வாய் வழியாகவே புகை திரும்பி வருகிறது

முதலில் எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். விடையைப் பொறுத்து நான்கு வழிகள் பிரிகின்றன.

பற்றவைத்த முதல் சில நிமிடங்கள் மட்டும் வருகிறது என்றால், புகைப்போக்கி குளிர்ந்திருக்கிறது. இது கோளாறு அன்று. கொடியடுப்பின் கண் வழியாகக் காய்ந்த தென்னை ஓலைக் கீற்றையோ ஒரு தாளையோ கொளுத்தி உள்ளே போட்டு, அந்தச் சூடு குழாயில் ஏறிய பிறகு முதல் கண்ணில் தீ மூட்டினால் புகை மேலே செல்லும். மழைக்காலக் காலை நேரங்களில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டியிருக்கும்.

எரியும் நேரம் முழுவதும் வருகிறது என்றால், பின்வரும் வரிசையில் பார்க்க வேண்டும். கொடியடுப்பின் மேல் பானை இருக்கிறதா? ஒற்றைப் பானையில் சமைக்கும்போது பின்கண்ணைத் திறந்தே விட்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது திறந்திருந்தால் புகைப்போக்கி அந்த வழியாக வெறும் காற்றை இழுத்துக்கொண்டு, முன்வாயிலிருந்து இழுப்பதை விட்டுவிடும். ஒரு மண் மூடியையோ தண்ணீர் நிறைந்த பாத்திரத்தையோ அதன்மேல் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அடுத்து, முதல் கண்ணில் பானை நன்றாகப் பொருந்தி அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய அடுப்பில் மூன்று குமிழ்கள் பானையைத் தூக்கி நிறுத்தும். குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே தீ வெளியே நாக்கு நீட்டும். புகைப்போக்கி வைத்த அடுப்பில் குமிழ் கூடாது. பயிற்சியில் கட்டி முடித்தபின், பழக்கத்தின் காரணமாக வீட்டில் குமிழ் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவ்வாறிருந்தால் அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டு, கண்ணின் விளிம்பை ஈர மண்ணால் மெழுகி, அன்றாடம் பயன்படும் பானையையே அதன்மேல் அழுத்திச் சுழற்றிப் பள்ளம் பதிய வைக்க வேண்டும்.

அதன் பிறகு வாயை விறகால் அடைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வாயின் கீழ்ப்பாதி காற்றுக்கு உரியது. விறகு கம்பிச் சல்லடையின் மேல் கிடந்து, அதன் அடியில் காற்று நுழைய வேண்டும். சல்லடைக்கு அடியில் சாம்பல் நிறைந்திருந்தாலும் இதே விளைவுதான். சாம்பலை ஒவ்வொரு நாளும் காலையில் அள்ளிவிடச் சொல்ல வேண்டும். சமையலறைக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுச் சமைக்கும் வீடுகளில் கதவைச் சற்றுத் திறந்துவைத்து மறுபடி பார்க்க வேண்டும்; வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லையென்றால் எந்த அடுப்பும் இழுக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லையென்றால், எரியும் ஊதுபத்தியை வாயின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். புகை உள்ளே இழுபட்டு மெதுவாகத் தயங்கினால் அடைப்பு இருக்கிறது. இழுபடாமல் நேராக மேலே எழுந்தாலோ வெளியே தள்ளப்பட்டாலோ, குழாய் அமைந்த விதத்தில் குறை இருக்கிறது. முதல் கண்ணுக்கும் கொடியடுப்புக்கும் இடையே தீ செல்லும் துளையைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்து அளவுக் குச்சியை உள்ளே விட வேண்டும். அது 3 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் இருக்க வேண்டும். அந்தப் பரப்பு 4 அங்குலக் குழாயின் உட்பரப்புக்கு ஏறக்குறைய சமம். பலமுறை மெழுகி மெழுகி இத்துளை சுருங்கியிருக்கும். அழகாக மெழுகப்பட்ட அடுப்புகளில் இதை நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன். உள்ளே மெழுகக் கூடாது, வெளியே மட்டுமே மெழுக வேண்டும் என்று பயிற்சியின்போதே அழுத்திச் சொல்ல வேண்டும்.

காற்றடிக்கும்போது மட்டும் வருகிறது என்றால், வெளியே போய்க் கூரையைப் பார்க்க வேண்டும். குழாயின் நுனி 10 அடிச் சுற்றுக்குள் உள்ள முகட்டையும் சுவரையும்விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். அதற்குத் தாழ்வாக இருந்தால், முகட்டைத் தாண்டி விழும் காற்று புகையைக் குழாய்க்குள்ளேயே அமுக்கும். குழாயை ஒரு துண்டு கூட்டி உயர்த்துவதுதான் தீர்வு. நுனியில் தகரத் தொப்பி இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை நேரடியாக உள்ளே இறங்கும். தொப்பி இருந்தும் அது குழாயின் வாயை ஒட்டி உட்கார்ந்திருந்தால் புகைக்கு வழி இல்லை. நடுவே 4 அங்குல இடைவெளி வேண்டும்.

முன்பு நன்றாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகை கூடியது என்றால், கரி படிந்திருக்கிறது. நீண்ட மூங்கில் நுனியில் பழைய சாக்கையோ தென்னை நாரையோ பந்தாகக் கட்டி, அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, மேலிருந்து கீழாக இழுத்துத் துடைக்க வேண்டும். விழுந்த கரி கொடியடுப்பின் அடியில் தங்கியிருக்கும். அதை அள்ளாமல் விட்டால் துடைத்தும் பயன் இல்லை. காய்ந்த விறகு எரிக்கும் வீட்டில் மாதம் ஒரு முறை போதும். ஈர விறகும் வறட்டியும் எரிக்கும் வீட்டில் இரு வாரத்துக்கு ஒரு முறை துடைக்க வேண்டும்.

எப்போது ஆளை அழைக்க வேண்டும்: குழாயைக் கழற்றி நட வேண்டுமென்றாலும், கூரையைத் திறக்க வேண்டுமென்றாலும் கொத்தனாரை அழைக்க வேண்டும். கல்நார்த் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு வேய்ந்த கூரையிலோ, பழைய கல்நார்க் குழாயிலோ யாரும் தாமாக ரம்பம் வைத்து அறுக்கக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. அப்படிப்பட்ட வீடுகளில் குழாயைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், இறவாரத்துக்கு அப்பால் நிமிர்த்துவதே நல்லது.

அறிகுறி 2: முதல் பானை கொதிக்கிறது, கொடியடுப்பில் சூடே ஏறவில்லை

இதில் பெரும்பாலும் எதிர்பார்ப்பே காரணமாக இருக்கிறது. கொடியடுப்பில் குழம்பு கொதிக்கலாம், பருப்பு வேகலாம், குளிக்கத் தண்ணீர் சுடலாம். ஆனால் முதல் கண்ணுக்குச் சமமான வேகம் அங்கே கிடைக்காது. அதைச் சமைப்பவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வெதுவெதுப்புக்குமேல் ஏறவே இல்லை என்றால், பானையின் அடிக்கும் அதன் கீழுள்ள தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அது ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். ஆழம் அதிகமாக இருந்தால், தீ பானையைத் தொடாமல் தரையோடு ஓடிக் குழாய்க்குள் போய்விடும். இந்தக் கண்ணின் அடியில், தீ வரும் திசைக்குக் குறுக்கே, மண்ணால் ஒரு சிறு திட்டு வைத்து நெருப்பைப் பானையின் அடிக்குத் தூக்கிவிடக் கற்றுக்கொடுத்திருப்போம். சாம்பல் அள்ளும்போது கரண்டி பட்டு அது உடைந்துவிடுகிறது. மறுபடி வைப்பதற்கு அரை மணி நேரமும் ஒரு கை மண்ணும் போதும். கண்ணுக்கும் குழாய்க்கும் உள்ள துளை பானையின் நடுப்பகுதிக்கு நேராக அமைந்து, சூடு முன்கூட்டியே வெளியேறினால்தான் பெரிய வேலை; அப்போது அந்தப் பின்பகுதியை மட்டும் இடித்துக் கட்ட வேண்டும்.

அறிகுறி 3: புகை இல்லை, ஆனால் விறகும் குறையவில்லை

இந்த முறையீட்டை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயிற்சி கொடுத்தவர் மனம் கோணக் கூடாது என்று சும்மா இருந்துவிடுவார்கள். ஆகவே நாமே கேட்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும். ஒரே சமையலை, அதே பானையில், அதே ஆள், பழைய அடுப்பில் மூன்று நாளும் புது அடுப்பில் மூன்று நாளும் செய்யட்டும். சமைக்கும் முன் விறகைக் கொக்கித் தராசில் நிறுத்து வைத்து, முடிந்ததும் மீந்த விறகையும் எரியாமல் நின்ற கரியையும் நிறுத்துக் கழிக்க வேண்டும். ஒரு நாள் கணக்கை நம்பக் கூடாது.

உண்மையிலேயே குறையவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது விறகின் பருமன். பெருவிரல் முதல் மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள துண்டுகள்தான் இந்த வாய்க்குப் பொருந்தும். முழுக்கட்டையைச் செருகி வைத்து எரியும்போதெல்லாம் உள்ளே தள்ளுவது பழைய அடுப்பின் வழக்கம்; அதனால் தீ வளராமல் தணல்தான் குவியும். ஆனால் பிளப்பதற்குக் கோடரியும் நேரமும் கையில் வலுவும் வேண்டும். வீட்டில் அந்த வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் கேட்காமல் 'சிறிதாகப் பிளந்து வையுங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது சமைக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதாகும். பயிற்சிக்கு ஆண்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இரண்டாவது, சல்லடைக்கும் முதல் பானையின் அடிக்கும் உள்ள உயரம். 5 முதல் 6 அங்குலம் வேண்டும். அதைவிடக் கூடினால் தீயின் நுனிகூடப் பானையை எட்டாது. குறைந்தால் தீ முழுவதும் எரியுமுன் பானையில் பட்டு அணைந்து கரியாகப் படியும். பானையின் அடியில் கறுப்பு மெத்தென்று தடித்திருந்தால் உயரம் குறைவு என்று கொள்ளலாம்.

மூன்றாவது, இழுப்பு மிகுதி. புகைப்போக்கி நன்றாக இழுக்கும் அடுப்பில் சூட்டையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குழாயின் அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தவுடன் சீறி மறைந்தால், பானைக்குப் போக வேண்டிய சூடு வெளியே போகிறது. குழாயின் அடியில் ஓர் ஓட்டுச் சில்லைச் செருகி வழியைப் பாதியளவு குறைத்துப் பார்க்கலாம். ஆனால் முழுவதும் அடைக்கவே கூடாது. தணல் உள்ளே இருக்கும்போது வழியை அடைத்தால் மணமும் நிறமும் இல்லாத நச்சுக் காற்று வீட்டுக்குள் நிரம்பும். உறங்குபவர்களின் உயிரை அது எடுத்துவிடும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், கடைசியாக நிற்பது அடுப்பின் கனம். தடித்த மண் சூட்டைத் தடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சூட்டைக் குடிக்கும். 1976-இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு குவாத்தமாலாவில் மண்ணும் மணலும் குழைத்து உருவாக்கிய லொரேனா அடுப்பு உலகெங்கும் பரவியது. பின்னர் அளந்து பார்த்தபோது, மூன்று கல் அடுப்பைவிடக் கூடுதலாகவே அது விறகு கேட்டதுண்டு என்று தெரியவந்தது. கனத்த உடல் சூடேறுவதற்கே விறகு செலவாகிவிட்டது. ஒருவேளைக்கு ஒரு சோறு, ஒரு குழம்பு என்று சமைத்து முடித்துவிடும் நம் வீடுகளில் இந்த இழப்பு பெரிது. தீ எரியும் அறையின் உட்சுவரை ஒன்றரை அங்குலத்துக்கு மெல்லியதாக, மண்ணோடு உமி சேர்த்துக் குழைத்து அமைத்து, அதற்கும் வெளிச்செங்கலுக்கும் இடையே உலர்ந்த உமிச் சாம்பலை நிரப்ப வேண்டும். உமிச் சாம்பலில் காற்று நிறைய தங்கியிருப்பதால் சூடு அதைக் கடந்து போகாது. அரிசி ஆலை உள்ள ஊரில் அது விலையில்லாமலும் கிடைக்கும். இது அடுப்பைப் பிரித்துக் கட்டும் வேலை. பயிற்சி முடித்து மூன்று நான்கு அடுப்பாவது கட்டிய ஒருவரை அழைத்துத்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி 4: அடுப்பில் விரிசல்

மயிரிழைபோல மேலே ஓடும் விரிசல் தீங்கில்லாதது. சாணமும் மண்ணும் கரைத்து வெளியே மெழுகினால் போதும். விரிசலின் முன் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபடுகிறது என்றால் அது ஊடுருவிய விரிசல். அதைக் கத்தி முனையால் இருபுறமும் அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முதலில் கட்டிய அதே கலவையைக் கொண்டு அடைக்க வேண்டும். சிமெண்டு வைக்கக் கூடாது. தீ படும் இடத்தில் சாதாரண சிமெண்டு வலுவிழந்து உதிர்ந்துவிடும். உதிரும்போது பக்கத்து மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

அடைத்த இடமே மறுபடி பிளந்தால், அடுப்பைக் காயவைத்த விதத்தையும் மண்ணையும் பார்க்க வேண்டும். கட்டிய மூன்றாம் நாளே பொங்கல் வைத்துவிட்டார்களா என்று கேட்டால் பாதிக்குமேல் விடை கிடைத்துவிடும். நிழலில் இரண்டு வாரம் காய்ந்த பிறகு, சுள்ளியால் சிறு தீயாக இரண்டு மூன்று நாள் காட்டி, அதன் பின்னரே முழுத் தீ மூட்ட வேண்டும். மண்ணைச் சோதிக்க, கலவையில் 6 அங்குல நீளக் கட்டி ஒன்று செய்து நிழலில் உலர்த்தி அளக்க வேண்டும். கால் அங்குலத்துக்குமேல் சுருங்கினால் களிமண் அதிகம். மணலும் பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது உதிர்ந்தால் களிமண் குறைவு, புற்றுமண் சேர்க்கலாம். கரிசல் மண் நிலப்பகுதிகளில் அந்த மண்ணை மட்டும் வைத்துக் கட்டவே கூடாது. எவ்வளவு கவனமாகக் காயவைத்தாலும் அது பிளக்கும். செம்மண்ணை வண்டியில் கொண்டுவருவதே வழி.

இரு கண்களுக்கும் நடுவே உள்ள பாலம் தாழ்ந்து இறங்கினால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. கொதிக்கும் பானை சரிந்து குழந்தைமேல் விழக்கூடும். அன்றே அடுப்பை நிறுத்திவிட்டுக் கட்டுபவரை அழைக்க வேண்டும்.

அறிகுறி 5: குழாயிலிருந்து கறுப்பாக வடிகிறது, அல்லது கூரையருகே சூடு தெரிகிறது

இந்த ஒன்றில் மட்டும் காரணம் தேடுவதற்கு முன் அடுப்பை அணைக்க வேண்டும். கறுப்பாக வடிவது புகை குளிர்ந்து இறுகிய கீல்; அது எளிதில் தீப்பற்றும். ஈர விறகாலும், இரவு முழுவதும் கட்டையைப் புகையவிடும் பழக்கத்தாலும் இது சேருகிறது. குழாயைத் துடைத்து, காய்ந்த விறகுக்கு மாறினால் நின்றுவிடும். ஓலைக் கூரையிலோ தென்னங்கீற்றுக் கூரையிலோ குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை அடிக்கு ஓலை இல்லாமல் விட்டு, அந்த இடத்தைத் தகரத்தால் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால், அது சரிசெய்யப்படும்வரை அந்த வீட்டில் வெளியே சமைக்கச் சொல்லிவிட்டு வருவதே பொறுப்பான செயல். இதில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு இடமே இல்லை.

அறிகுறி 6: அடுப்பில் குறை எதுவும் இல்லை, ஆனால் யாரும் அதில் சமைப்பதில்லை

இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. கட்டியதை எண்ணியவர்கள் எரிவதை எண்ணியிருந்தால் அந்த உழைப்பு இவ்வளவு வீணாகியிருக்காது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: வீட்டிலுள்ள எல்லாப் பானைகளும் இதில் உட்காருகின்றனவா? ஒரே அளவில் கண் வைத்தால், சிறிய சட்டி உள்ளே விழும், பெரிய குண்டான் மேலே ஆடும். தகட்டில் வளையம் வெட்டிப் போட்டால் சிறிய சட்டியும் நிற்கும். அடுத்து, உயரம்: தரையில் அமர்ந்து சமைத்துப் பழகிய மூதாட்டிக்கு இடுப்பு உயர மேடை வசதியன்று. சில ஓலை வீடுகளில் காரணம் வேறு. புகை இல்லாததால் கூரையில் பூச்சி பிடிக்கிறது, பரணில் தொங்கும் விதைச் சோளக்கதிர் கெடுகிறது என்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளக் கூடாது, அது உண்மை. மாதத்தில் ஓரிரு முறை ஆளில்லாத நேரத்தில் வேப்பிலை போட்டுத் தனியாகப் புகை மூட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பிறகு சிலிண்டர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. தேநீரும் சிறு சமையலும் அதில் நடந்தால் மகிழ்ச்சிதான். விறகில் நடக்கும் மீதிச் சமையலுக்காவது புது அடுப்பு பயன்படுகிறதா என்றே பார்க்க வேண்டும்.

நெல் அவிப்பதற்கும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் காய்ச்சுவதற்கும் பெரிய அண்டா வைக்கும் வீடுகளில், இந்த அடுப்பை அதற்கும் பயன்படுத்தச் சொன்னால் ஒரே பருவத்தில் பாலம் இடிந்துவிடும். அந்த வேலைக்குக் கொல்லையில் தனியாக ஒரு கண் கொண்ட பெரிய அடுப்பைச் சூளைச் செங்கல்லால் கட்டி, அண்டாவைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட்டு ஒரு சுற்றுச்சுவரும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். அண்டாவின் அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் இதற்கு அளவுக் குச்சி உதவாது. அண்டாவையே கவிழ்த்து வைத்துக் கோடு போட்டுக்கொண்டு கட்ட வேண்டும்.